1994 மாருதி 800 அடிக்கடி சூடாகுது, இன்ஜின் போர் பண்ணனும்ங்கிறாங்க, நெஜமாவே தேவையா?

#1 ஒட்டன்சத்திரம்_செல்வா
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட 1994 மாடல் 800 எங்கிட்ட இருக்கு, கார்புரேட்டர் வண்டி, 4 கியர், ஓடோமீட்டர் 1 லட்சத்து 12 ஆயிரத்துல நின்னு போய் பல வருஷம் ஆச்சு. போன ரெண்டு மாசமா திண்டுக்கல் போயிட்டு வந்தா ரேடியேட்டர்ல அரை லிட்டர் தண்ணி கொறையுது, கீழ எங்கயும் சொட்டல, வத்தலகுண்டு ரோட்டுல ஒரு தடவ டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக் கோட்டுக்கே போயிருச்சு, ஓரங்கட்டி ஒரு மணி நேரம் நின்னு ஆறுனதுக்கு அப்புறம் போர்வெல் தண்ணி ஊத்தி ஓட்டிட்டு வந்தேன். காலைல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் வெள்ளப் புகை, ஒரு மாதிரி உதறுது, அப்புறம் சரியாயிருது. மைலேஜ் 11க்கு எறங்கிருச்சு. நான் வழக்கமா விடுற ஒர்க்‌ஷாப்புல ஒரு நிமிஷம் சத்தம் கேட்டுட்டு "இன்ஜின் போயிருச்சு தம்பி, போர் பண்ணி (சிலிண்டர் உள்சுவத்த கடைஞ்சு பெருசாக்கி) பிஸ்டன் செட் மாத்தணும், 35 ஆயிரம் ஆகும்"னு சொல்லிட்டார். வண்டிய தூக்கிப் போட மனசு வரல, அப்பா இதுலதான் என்னை ஸ்கூலுக்கு கொண்டு போய் விட்டாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 நெல்லை_800
செல்வா, காச குடுத்துறாதீங்க, கொஞ்சம் பொறுங்க. நீங்க சொன்னதுல ஒண்ணு கூட போர் தேஞ்ச அறிகுறி இல்ல. போர் தேஞ்சா நீலப் புகை வரும், ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது வரும், ஆயில் குடிக்கும், இழுவை கொறையும். உங்களுது தண்ணி குடிக்குது, வெள்ளப் புகை, காலைல உதறல், இது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அது மேல மூடி மாதிரி உக்காந்திருக்குற ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற தகடு) போன அறிகுறி. மூணு கேள்வி: டிப்ஸ்டிக் எடுத்துப் பாத்தா ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கா? ரேடியேட்டர் ஃபேன் எப்ப ஓடுது? உள்ள தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணிய ரேடியேட்டருக்கு தெறந்து விடுற) வால்வு இருக்கா இல்ல யாராவது கழட்டிட்டாங்களா?

#3 ஒட்டன்சத்திரம்_செல்வா
ஆயில் கருப்பாதான் இருக்கு அண்ணே, பால் மாதிரி இல்ல. ஃபேன் சாவி போட்டதுமே ஓடும், மெக்கானிக் 4 வருஷம் முன்னாடி டைரக்ட் பண்ணி விட்டாரு. தெர்மோஸ்டாட்டும் அப்பவே கழட்டிட்டாரு, நம்ம ஊரு வெயிலுக்கு அது வேண்டாம்னாரு. ஊத்துறது எல்லாம் வீட்டு போர்வெல் தண்ணிதான்.

#4 கோவை_லேத்
இதத்தானுங்க நான் வாரத்துக்கு ரெண்டு தடவ பாக்குறேன். எங்ககிட்ட ஹெட்டு ஃபேஸ் கட்டிங் (வளைஞ்ச அடிப்பரப்ப சீவி மட்டமாக்குறது) வர்ற 800, மாருதி ஆம்னி வேன்ல முக்கால்வாசி இதே கதைதானுங்க. போர்வெல் தண்ணி ஊத்துனா என்ன ஆகும்னா, வீட்ல தண்ணி சுட வைக்கிற ஹீட்டர் காயில்ல வெள்ளையா கெட்டியா படியுதே, அதே சமாச்சாரம் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் பிளாக்குக்குள்ளயும் படியுதுங்க. ரேடியேட்டர் ட்யூப் தீப்பெட்டிக் குச்சி கூட நுழையாத அளவு சின்னது, அதுல பாதி அடைச்சா எந்த ஃபேன் ஓடி என்ன. இந்த இன்ஜின்ல பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ரெண்டும் சூட்டுல ஒரே அளவு விரியாது, அலுமினியம் ஏறத்தாழ ரெண்டு மடங்கு விரியும். சூடு எல்லை மீறுனா மொதல்ல வளையறது ஹெட்டுதானுங்க, நடுவுல கேஸ்கெட் மாட்டிக்கிட்டு எரியும்.

#5 பழைய_கைப்பெட்டி
நான் 22 வருஷமா இந்த வண்டி வேலை பாக்குறேன். தெர்மோஸ்டாட் எடுத்ததுல தப்பு இல்ல. நம்ம ஊரு வெயில்ல வால்வு மாட்டிக்கிட்டு தெறக்காம போனா வண்டி அஞ்சே நிமிஷத்துல கொதிச்சிரும், கஸ்டமர் நம்மளத்தான் திட்டுவாரு. அதனாலதான் எல்லாரும் எடுக்குறோம். ஹைவேயில ஓடுற ஆள் வச்சுக்கலாம், டவுனுக்குள்ள ஓட்டுறவனுக்கு எதுக்கு?

#6 நெல்லை_800
அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை குடுத்தே சொல்றேன், இத ஒத்துக்க முடியல. தெர்மோஸ்டாட் இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாது, சூடானதும் முழுசா தெறந்துரும். முழுசா தெறந்த பிறகு அது இருந்தாலும் இல்லாட்டியும் பெரிய வித்தியாசம் இல்ல, அப்ப அத எடுக்குறதால ஓவர்ஹீட் எப்படி சரியாகும்? அடைச்ச ரேடியேட்டர் அடைச்சபடியேதான இருக்கும். எடுத்துட்டா நடக்குறது வேற: இன்ஜின் வேல செய்யுற சூட்டுக்கு வரவே ரொம்ப நேரம் ஆகும், கார்புரேட்டர் வண்டில சோக்க இழுத்துட்டே ஓட்டுவோம், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்குற ஆயில கழுவி எடுத்துட்டு சம்ப்புக்கு (கீழ ஆயில் தேங்குற தொட்டி) எறங்கும், ஆயில் தண்ணியாகும், ரிங் தேயும், மைலேஜ் விழும். செல்வாவுக்கு 11 வருதுன்னா அதுல பாதிக் காரணம் இதுதான். சாவி போட்டதும் ஃபேன் ஓடுனா இன்னும் மோசம், காலைல குளிர்ல நிக்குற இன்ஜினுக்கு காத்து வீசுறோம்.

மாட்டிக்கிற பயம் இருந்தா சோதிச்சுட்டு மாட்டலாமே. ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு, தெர்மோஸ்டாட்ட ஒரு நூல்ல கட்டி அடியில படாம தொங்க விட்டு அடுப்பப் பத்த வைங்க. அது மேலயே எத்தன டிகிரில தெறக்கும்னு குத்தியிருக்கும். தண்ணி கொதிக்கப் போற நேரத்துல நடுத்தட்டு மெதுவா கீழ எறங்குறது கண்ணால தெரியும், அடுப்ப அணைச்சா திரும்ப மூடும். தெறக்கலேன்னா குப்பைல போடுங்க. நான் புதுசு வாங்குனாலும் இப்படிப் பாக்காம மாட்டுறதில்ல.

#7 யாழ்_வாசன்
அண்ணை, எங்கட பக்கமும் இதே பிரச்சினைதான். இங்க மாருதி 800 நிறைய ஓடினது, இப்பவும் ஓடுது. யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி, கேத்தில்ல வெள்ளையாப் பிடிக்கிறதைப் பாத்தாத் தெரியும். அந்தத் தண்ணியை விட்டு விட்டு என்ரை வண்டியில தண்ணிப் பம்புக்குப் போற இரும்புக் குழாய் உள்ளால துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திட்டுது. வெளியால பாத்தா ஒண்டும் தெரியாது, கையால தடவினாப் பிறகுதான் ஈரம் தெரிஞ்சது. ஓடேக்க சொட்டுறது சூட்டில காஞ்சிடும், அதால நிலத்தில ஒரு துளியும் இராது. செல்வா, ஹெட் கழட்ட முன்னம் அந்தக் குழாயையும் ஒருக்காப் பாருங்கோ. இப்ப நான் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும்தான் விடுறனான், 5 வருசமாச்சு, ஒரு பிரச்சினையும் இல்லை.

#8 ஒட்டன்சத்திரம்_செல்வா
நன்றி வாசன் அண்ணா, நன்றி எல்லாருக்கும். இந்த இன்ஜின் பத்தி அடிப்படையா ஒண்ணும் தெரியாது எனக்கு, அளவெல்லாம் யாராவது சொல்ல முடியுமா? லேத்துல போய் நின்னா அவங்க சொல்றது புரியணும்ல.

#9 நெல்லை_800
சொல்றேன். இன்ஜின் பேரு எஃப்8பி, சுசூகி டிசைன். 796 சிசி, 3 சிலிண்டர், போர் 68.5 எம்எம், ஸ்ட்ரோக் 72 எம்எம். மேல ஒரே கேம்ஷாஃப்ட் (வால்வ தெறந்து மூடுற தண்டு), சிலிண்டருக்கு 2 வால்வு, மொத்தம் 6. கேம்ஷாஃப்ட்ட ஓட்டுறது டைமிங் பெல்ட், செயின் இல்ல. ஃபயரிங் ஆர்டர் 1-3-2. 1983 டிசம்பர் 14ம் தேதி இந்திரா காந்தி மொத வண்டி சாவிய குடுத்தாங்களே, அதுல இருந்ததும் இந்த 796 சிசிதான், 2014 ஜனவரில 800 தயாரிப்பு நிக்குற வரைக்கும் இதே குடும்பம்தான், நடுவுல 1986ல பாடி மாறுச்சு, 2000 வாக்குல கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (பெட்ரோல எலக்ட்ரானிக்கா அளந்து தெளிக்கிற முறை) வந்துச்சு. எம்பிஎஃப்ஐல 37 பிஹெச்பி, 59 நியூட்டன் மீட்டர் டார்க். 12 வால்வு 5 கியர் வண்டி கொஞ்ச நாள் வந்துச்சு, அது எஃப்8டி, வேற ஹெட், ஸ்பேர் வாங்கும்போது குழப்பிக்காதீங்க. ஆம்னிக்கும் எஃப்8பிதான், அதனால ஸ்பேர் இன்னும் கெடைக்குது.

வால்வு கிளியரன்ஸ் ஆறுன இன்ஜின்ல 0.15 எம்எம் பக்கம். பிளக் கேப் கார்புரேட்டர் வண்டிக்கு 0.7ல இருந்து 0.8. ஆயில் 3 லிட்டர் கேன் வாங்குனா கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சுதேன்னு ஊத்திறாதீங்க, டிப்ஸ்டிக்ல மேல் கோட்டோட நிறுத்துங்க. ரேடியேட்டர் மூடில 0.9னு போட்டிருக்கும், அந்த அழுத்தத்துல தண்ணி 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடி ரப்பர் போச்சுன்னா 100லயே கொதிச்சு வெளிய தள்ளிரும். நூத்தம்பது ரூபா மூடிய மாத்தாம ஹெட்ட கழட்டுனவங்கள பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, இத எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க: இந்த வண்டில ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஓட்டுறது ஒரே ஃபேன் பெல்ட்தான். ஓடும்போது திடீர்னு சிவப்பு பேட்டரி லைட் எரிஞ்சா "சார்ஜ்தான ஏறல, வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்"னு ஓட்டாதீங்க. பெல்ட் அறுந்திருந்தா தண்ணியும் சுத்தாது, பத்து கிலோமீட்டர்ல ஹெட் போயிரும். உடனே நிறுத்தி பானட்ட தெறந்து பெல்ட் இருக்கான்னு பாருங்க.

#10 கோவை_லேத்
செல்வா, ஹெட்ட கழட்டறதுக்கு முன்னால ரெண்டு டெஸ்ட் பண்ணிருங்க. ஒண்ணு, காலைல இன்ஜின் நல்லா ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய தெறந்து வச்சே ஸ்டார்ட் பண்ணுங்க (சூடா இருக்கும்போது தெறந்திறாதீங்க, முகமே வெந்து போயிரும்). தண்ணி மேல விடாம குமிழி வந்துட்டே இருந்தா சிலிண்டர் கேஸ் தண்ணில கலக்குதுன்னு அர்த்தம். ரெண்டு, கம்ப்ரஷன் கேஜ் வச்சு மூணு சிலிண்டரும் பாக்கச் சொல்லுங்க, மூணு பிளக்கையும் கழட்டிட்டு, ஆக்ஸிலேட்டர் முழுசா மிதிச்சு, இக்னிஷன் காயில் வயர எடுத்து விட்டுட்டு செல்ஃப் அடிக்கணும். கம்மியா காட்டுற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு திரும்ப பாருங்க. ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறுச்சுன்னா ரிங், போர் தேஞ்சிருக்கு. ஏறலேன்னா வால்வு இல்லாட்டி கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் ஒண்ணா கம்மியா இருந்தா கண்ண மூடிட்டு கேஸ்கெட்னு சொல்லலாமுங்க.

#11 தேனி_சர்வீஸ்பிரியன்
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்கிட்ட 2005 எம்பிஎஃப்ஐ. ஐட்லிங் மேலயும் கீழயும் ஏறி எறங்குது, 700க்கு வந்து சாகப் போய் திரும்ப 1200க்கு ஏறுது. பிளக், ஃபில்டர் மாத்தியாச்சு. இந்த இழைலயே கேட்டுக்கலாமா?

#12 பழைய_கைப்பெட்டி
எம்பிஎஃப்ஐல இது அடிக்கடி வர்றதுதான் தம்பி. மொதல்ல த்ராட்டில் பாடிய கழட்டி கார்ப் கிளீனர் அடிச்சு கரிய எடுங்க, பக்கத்துலயே ஐட்லிங் வால்வு இருக்கும், அதுக்குள்ள கரி சேந்தாதான் இப்படி ஏறி எறங்கும். அப்படியும் போகலேன்னா வேக்குவம் ஹோஸ் ஒவ்வொண்ணா கையால அமுக்கிப் பாருங்க, 20 வருஷ ரப்பர், வெடிச்சிருக்கும். சென்சார மாத்துங்கன்னு யாராவது சொன்னா இந்த ரெண்டையும் முடிச்சுட்டு மாத்துங்க.

அப்புறம் நெல்லை தம்பி, தெர்மோஸ்டாட் விஷயம். அடுப்புல வச்சு பாக்குறது நான் செஞ்சதில்ல. மாட்டிக்கிட்ட வால்வுல நான் ரெண்டு கஸ்டமர் வண்டி இழந்திருக்கேன், அந்த பயத்துலதான் எடுத்துட்டே வந்தேன். நீங்க சொல்ற ஆயில் கழுவுற விஷயம் சரிதான், காலைல சம்ப் ஆயில்ல பெட்ரோல் வாசன அடிக்கிறத நானும் பாத்திருக்கேன், இதோட சேத்து யோசிக்கல. இனிமே சோதிச்சு மாட்டிப் பாக்குறேன்.

#13 ஒட்டன்சத்திரம்_செல்வா
டெஸ்ட் ரெண்டும் பண்ணிட்டேன். வேற ஒரு மெக்கானிக் கேஜ் வச்சிருந்தாரு. காலைல மூடி தெறந்து ஸ்டார்ட் பண்ணதும் சோடா பாட்டில் ஒடச்ச மாதிரி குமிழி, நிக்கவே இல்ல. கம்ப்ரஷன்: 1ம் சிலிண்டர் 150, 2வது 95, 3வது 100. 2லயும் 3லயும் ஆயில் விட்டு பாத்தோம், 5 பாயின்ட் கூட ஏறல.

#14 கோவை_லேத்
ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல கேஸ்கெட் எரிஞ்சிருக்குங்க. போர் பண்ண வேண்டியதில்ல. ஹெட்ட கழட்டி லேத்துக்கு கொண்டு போங்க, ஆனா கண்ணு முன்னாடி அளக்கச் சொல்லுங்க. நேர் ஸ்கேல ஹெட் மேல குறுக்கா, நீட்டா, மூலைக்கு மூல வச்சு அடியில ஃபில்லர் கேஜ் விட்டு பாக்கணும். 0.05 எம்எம் தாளுக்கு மேல நுழைஞ்சா ஃபேஸ் கட்டிங் வேணும். எவ்வளவு வளைஞ்சிருக்கோ அவ்வளவுதான் எடுக்கணும், தாராளமா சீவி விட்டா கம்ப்ரஷன் ஏறி நாக்கிங் (இன்ஜின் தட்டுற சத்தம்) வரும், அடுத்த தடவ சீவ மிச்சமும் இருக்காது. பிளாக் மேல்பரப்பையும் மறக்காம ஸ்கேல் வச்சு பாருங்க.

ஹெட் வெளிய வந்த கையோட வால்வு லேப்பிங் (வால்வ அது உக்கார்ற எடத்தோட தேச்சு சேத்து விடுறது), வால்வு சீல், டைமிங் பெல்ட், முன்பக்க ஆயில் சீல் எல்லாம் முடிச்சிருங்க, கூலி ஒரே கூலிதானுங்க. அந்த ஆயில் சீல் கசிஞ்சா ஆயில் நேரா டைமிங் பெல்ட் மேலதான் போகும், ரப்பர் ஊறிப் போயிரும். ஹெட் போல்ட் நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, மூணு தடவையா, டார்க் ரென்ச் வச்சு. கைக்கணக்குல டைட் வச்சா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க.

#15 மதுரை_ஆம்னி
எனக்கும் ஒரு சந்தேகம்ணே, இப்ப பங்க்ல வர்றது எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான், இந்த பழைய வண்டிக்கு அது ஆகுமா? என் ஆம்னி 1999 கார்புரேட்டர், பத்து நாள் நிறுத்தி வச்சா ஸ்டார்ட் பண்ண செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரியே போயிருது.

#16 நெல்லை_800
இந்த இன்ஜின் வந்தப்ப எத்தனால் கணக்குலயே இல்ல, அதனால கவனமாதான் இருக்கணும். எத்தனால் ரப்பர ஊற வச்சு கெடுக்கும், காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும். பங்க்ல வேற வழி இல்லாததால நான் செய்யுறத சொல்றேன். டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் இருக்குற எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனாலுக்கு தாங்குற புது ஹோஸா மாத்திட்டேன். இன்ஜின் மேல இருக்குற மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள டயாஃப்ரம் ஒண்ணு இருக்கு, அது கிழிஞ்சா பெட்ரோல் வெளிய ஒழுகலாம், இல்லாட்டி ஆயில்ல போய் கலக்கலாம். டிப்ஸ்டிக்க மோந்து பாருங்க, பெட்ரோல் வாசன அடிச்சு ஆயில் அளவும் கூடியிருந்தா வண்டிய எடுக்காதீங்க, பம்ப மாத்தி ஆயிலயும் மாத்திட்டுதான் ஸ்டார்ட் பண்ணனும். எத்தனால் கலந்ததுல கலவையும் லீன் ஆகும் (தேவைக்கு மேல காத்து, கம்மியா எரிபொருள்), பிளக் நுனி செங்கல் பொடி நெறத்துல இல்லாம வெளுத்துப் போயிருந்தா கார்புரேட்டர ட்யூன் பண்ணுங்க. பத்து நாள் நிக்குற வண்டின்னா வாரத்துக்கு ஒரு நாள் 20 நிமிஷம் ரோட்டுல ஓட்டிட்டு வாங்க, நிறுத்தி வச்சு ஐட்லிங் விடுறது போதாது.

#17 தேனி_சர்வீஸ்பிரியன்
த்ராட்டில் பாடி கிளீன் பண்ணதும் ஐட்லிங் 900ல நின்னுருச்சு. கைப்பெட்டி அண்ணே, ரொம்ப நன்றி. பக்கத்து கடைல சென்சாருக்கு 4,500 கேட்டிருந்தாங்க.

#18 ஒட்டன்சத்திரம்_செல்வா
மூணு வாரம் கழிச்சு வர்றேன், வேல முடிஞ்சது. முழுசா எழுதுறேன், அடுத்து யாருக்காவது உதவும்.

ஹெட்ட தூக்குனப்ப நான் கூடவே நின்னேன். பழைய கேஸ்கெட்ல 2க்கும் 3க்கும் நடுவுல இருக்குற அந்த ஒடுக்கமான பாலத்துல பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பா எரிஞ்ச தடம், அதோட ஒரு முனை தண்ணி ஓட்டை வரைக்கும் போயிருக்கு. விரல் வச்சா பொடிப் பொடியா உதிருது. 2வது பிஸ்டன் தலை மட்டும் கழுவி விட்ட மாதிரி சுத்தமா பளபளன்னு இருந்துச்சு, மத்த ரெண்டும் கரி. தண்ணி ஆவியா போய் கழுவுனதுனால அப்படின்னு மெக்கானிக் சொன்னாரு. லேத்துல போர் கேஜ் விட்டு அளந்தாங்க, அதிகபட்சம் 68.55, அதாவது 0.05தான் தேய்மானம், சிலிண்டர் சுவத்துல கம்பெனில போட்ட குறுக்குக் கோடு கூட அங்கங்க தெரியுது. இதையா போர் பண்ணச் சொன்னாங்கன்னு நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

ஹெட் வளைவு 0.12. கட்டிங், லேப்பிங், வால்வு சீல், கேஸ்கெட் செட், டைமிங் பெல்ட், ஆயில் சீல் எல்லாம் போட்டாச்சு. ரேடியேட்டர பிரிச்சு ராடு விட்டு குத்தி எடுத்தாங்க, உள்ள இருந்து கொட்டுனது அரிசி நொய் மாதிரி வெள்ளக் கட்டி, ஒரு டம்ளர் இருக்கும். பிளாக்க மூணு தடவ ஓடவிட்டு கழுவுனோம். வாசன் அண்ணா சொன்ன இரும்புக் குழாயும் முக்கால்வாசி போயிருந்துச்சு, இன்னொரு மழைக்காலம் தாங்கிருக்காது, அதையும் மாத்தியாச்சு. தெர்மோஸ்டாட் புதுசு, வீட்ல அம்மாகிட்ட பாத்திரம் வாங்கி நானே அடுப்புல வச்சு பாத்துட்டுதான் குடுத்தேன். ஃபேன் வயர பழையபடி, சூடானா மட்டும் ஃபேன ஓட்டுற ஸ்விட்ச்சுக்கு மாத்தி புது ஸ்விட்ச். 0.9 மூடி. கூலன்ட். மொத்தம் 14,200 ஆச்சு, ரேடியேட்டர் வேல உட்பட.

இதுவரைக்கும் 640 கி.மீ. ஓட்டிட்டேன், பழனி மலை அடிவாரத்துல ட்ராஃபிக்ல முக்கால் மணி நேரம் நின்னேன், முள்ளு பாதிக்குக் கொஞ்சம் கீழயே நின்னுச்சு, ஃபேன் ஓடி நிக்குறது காதுல கேட்டுச்சு. காலைல ரெண்டே நிமிஷத்துல சோக்க உள்ள தள்ளிறலாம். மைலேஜ் 16 தாண்டிருச்சு. ரிசர்வ் பாட்டில்ல கோடு ஒரு நூல் கூட கொறையல.

#19 யாழ்_வாசன்
நல்ல சந்தோசம் தம்பி. கூலன்ட் எத்தினை மாத்தத்துக்கு ஒருக்கா மாத்திறதெண்டு திகதியை பானட்டுக்கு உள்ளால எழுதி ஒட்டி விடுங்கோ, நான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்திறனான்.

#20 மதுரை_ஆம்னி
செல்வா, நானும் நேத்து என் ஆம்னிய பாத்தேன், இதுலயும் தெர்மோஸ்டாட் இல்ல! வெறும் ஹவுசிங்தான் இருக்கு. வாங்கி மாட்டப் போறேன். மாட்டும்போது ஏதாவது பாத்துக்கணுமா?

#21 பழைய_கைப்பெட்டி
ஹவுசிங் கேஸ்கெட்டும் சேத்து வாங்குங்க, பழசு திரும்ப உக்காராது. ஸ்பிரிங் இருக்குற பக்கம் இன்ஜின் பக்கமா போகணும், மாத்தி வச்சா தெறக்காது. ஹவுசிங் போல்ட் ரெண்டும் துரு ஏறி இருக்கும், மொதநாள் ராத்திரியே துரு எண்ணெய் விட்டு வைங்க, பலமா திருகுனா அலுமினியத்துக்குள்ளயே ஒடஞ்சிரும். மாட்டி முடிச்சதும் மூடியத் தெறந்து வச்சு, தண்ணி ஊத்தி, மேல் ஹோஸ் சூடாகுற வரைக்கும் ஓட விடுங்க, காத்து வெளிய வரும்போது தண்ணி எறங்கும், எறங்க எறங்க ஊத்துங்க. நானும் முந்தாநேத்து ஒரு வண்டிக்கு அடுப்புல வச்சு பாத்துட்டுதான் மாட்டுனேன்.